அரைக் கண்ணாடித் தண்ணீர்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று, சனிக்கிழமை காலை, ரயில் எஞ்சின் ஷெட்டில் இருந்தவர்கள்: நான், பல் டாக்டர், பூகோள டீச்சர், தையல்காரர், உன்னோடு எஞ்சினில் கரி போட்ட ஃபயர்மேன் அண்ணன். மொத்தம் ஐந்து பேர். உன் அத்தான் இல்லை. போல்ட் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். பத்து மணிக்குக் கிளம்பியவர் பதினொன்றேகாலுக்குத் திரும்பினார். நான் சொல்ல வந்தது அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்குள் நடந்தது.

விடிந்ததிலிருந்து மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். நலமா என்று ஆரம்பித்தால், அதைக் கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது என்று தோன்றுகிறது. அதனால்தான் ஆள் கணக்கில் ஆரம்பித்தேன். அது எனக்குப் பழகின வேலை.

வீடு மாறும்போதெல்லாம் நீ ஒரு அட்டை போடுவாய். முகவரி மட்டும் இருக்கும், ஒரு எழுத்து கூடுதலாக இருக்காது. பத்தொன்பது வருஷத்தில் ஏழு அட்டைகள். எல்லாம் என் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் இருக்கின்றன. தினமும் காலையில் புத்தகத்தைத் திறந்தால் முதலில் உன் கையெழுத்துதான் கண்ணில் படும். அப்புறம்தான் கடவுள்.

நீ கடைசியாக ஓட்டிய நீராவி எஞ்சின் இன்னும் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு விசாரணைக்காரர்கள் அடுப்பின் கூரையைப் பார்த்தார்கள், தண்ணீர் குறைந்தால் உருகும் ஈயத் திருகு உருகிப்போயிருந்ததைப் பார்த்தார்கள், டிரைவர் தண்ணீரைக் கவனிக்கவில்லை என்று அறிக்கை எழுதினார்கள், வண்டியை ஷெட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் சிலர் சேர்ந்து, சம்பளம் இல்லாமல், சனி ஞாயிறுகளில் அதைப் பழுதுபார்த்து ஓட வைக்கிறோம் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். உன் அத்தான்தான் தலைமை. ஓய்வுபெற்ற ஃபிட்டர் வேறு யாரும் கிடைக்கவில்லை. எஞ்சினுக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எப்போது கோபப்படுவாள் என்று தெரியாதாம், எதிர்த்தும் பேச முடியாதாம்.

நான் எப்படி உள்ளே போனேன் என்றால், இவர் கழற்றிய நட்டுகளைப் பை பையாக வீட்டுக்குக் கொண்டுவந்து என் சமையலறைத் தரையில் கொட்டினார். எது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "மாட்டும்போது தெரியும்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நீள நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். வரிசை எண், எந்த இடம், கழற்றியபோது என்ன நிலை, கழற்றியது யார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பழைய எஞ்சின் கையேடு ஒன்றை டீச்சர் கொடுத்தார். அதை அகராதியோடு வைத்துக்கொண்டு எட்டு மாதம் படித்தேன். இப்போது எது எங்கே என்று என்னைத்தான் கேட்கிறார்கள். கழற்றியபோது என்ன நிலையோ அதைத்தான் எழுதுவேன். துடைத்துவிட்டு எழுத மாட்டேன். இது என் விதி.

நேற்று தண்ணீர்க் கண்ணாடியைக் கழற்றினார்கள். பாய்லரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று டிரைவர் பார்க்கும் கண்ணாடிக் குழாய். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எழுதும் பழக்கத்தில் எழுதுகிறேன். வலப்பக்கத்துக் குழாய். இடப்பக்கத்துக் குழாய் அந்த வாரம் உடைந்து மூடி வைத்திருந்தார்கள், உனக்கு இருந்தது இந்த ஒன்றுதான் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

குழாயின் கீழ் நுனி உட்காரும் பித்தளைத் துண்டைப் பல் டாக்டர் கையில் எடுத்தார். பல்லுக்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார்.

"என்னம்மா இது, துளையே தெரியலியே. சொத்தை விழுந்து அடைச்ச மாதிரி இருக்கு."

"வாயை நல்லாத் திறக்கச் சொல்லுங்க டாக்டர்" என்று தையல்காரர் சிரித்தார்.

கொக்கி வைத்து இழுத்தார். கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் வந்தது. குழாய் ஒழுகாமல் இருக்கச் சுற்றிப் போடும் வளையம்தான். ஆனால் சுற்றி இருக்க வேண்டியது உள்ளே பிதுங்கி, கண்ணாடிக் குழாயின் வாயை மூடிக்கொண்டிருந்தது. கல்லாக இறுகியிருந்தது.

டாக்டரும் டீச்சரும் தையல்காரரும் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு அது ஒரு பழைய ரப்பர். எனக்குக் கையேட்டின் நாற்பத்தோராம் பக்கம் கண்முன் வந்தது. கீழ் வாய் அடைத்துக்கொண்டால், பாய்லரில் தண்ணீர் இறங்க இறங்க, குழாய்க்குள் அடைபட்ட தண்ணீர் மட்டும் இறங்காமல் அப்படியே நிற்கும்.

ஃபயர்மேன் அண்ணன் அந்த வளையத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்று ஆவி பாய்ந்து வெந்த முன்கையின்மேல் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"நோட்டு உன்னோடது தங்கச்சி. எழுதறதும் எழுதாததும் உன் கையில" என்றார்.

1112ஆம் வரி. இடம் எழுதினேன். கழற்றியவர் பெயர் எழுதினேன். நிலை என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன். நோட்டு ஆரம்பித்ததிலிருந்து நான் காலியாக விட்ட ஒரே கட்டம் அதுதான். ஏனென்றால் அன்று காலை அந்தக் குழாயை மாட்டியது யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வளையத்தை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். உன் அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்று கண்ணாடியில் எவ்வளவு தண்ணீர் தெரிந்தது? அப்போதே உன்னிடம் கேட்டிருக்க வேண்டியது இது.

உன் அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

அரைக் கண்ணாடி.

விசாரணையில் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் ஒருவர் எழுதிக்கொண்டார். ஃபயர்மேன் அண்ணனும் அதையேதான் சொன்னார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டோம் என்று எழுதிவிட்டார்கள். அதற்கெல்லாம் எனக்கு வருத்தம் இல்லை. எனக்கு அவர்கள் யார்?

அறிக்கை வந்த அன்று மத்தியானம் உன் வீட்டுக்கு வந்தேன். கை கழுவினேன். நீ துண்டு கொடுத்தாய். கொடுத்துக்கொண்டே கேட்டாய். "தூங்கிட்டியாடா?"

அவ்வளவுதான் கேட்டாய். திட்டவில்லை, அழவில்லை. அந்தத் துண்டால் முகத்தைத் துடைத்தது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் உன் வீட்டில் நான் சாப்பிட்டதில்லை.

முதல் வருஷம் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். இரண்டாவது வருஷம் எனக்கே சந்தேகம் வந்தது. என்னைத் தூக்கி வளர்த்தவள் கேட்கிறாள் என்றால், ஒருவேளை கண்ணயர்ந்திருப்பேனோ? மூன்றாவது வருஷம் நான் தூங்கினேன் என்றே முடிவு செய்துவிட்டேன். அப்புறம் நிம்மதியாக இருந்தது, உண்மையாகத்தான் சொல்கிறேன். தப்பு செய்தவனுக்கு ஒரு வசதி, யாரையும் நொந்துகொள்ள வேண்டியதில்லை.

இப்போது ஏழாவது ஊரில் இருக்கும் என்னை எழுப்பி, நீ தூங்கவில்லை என்கிறாய். நான் என்ன செய்ய வேண்டும்? நன்றி சொல்லவா?

அந்த ரப்பரைக் குப்பையில் போடு. கட்டத்தில் "பழையது" என்று எழுது. பொய் இல்லையே. அத்தானுக்கு அறுபத்தெட்டு வயது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்தவர் அவர் ஒருவர்தான்.

நான் இங்கே துணி வெளுக்கும் ஆலையில் பாய்லர் பார்க்கிறேன். சின்ன பாய்லர். எஞ்சினோடு ஒப்பிட்டால் குக்கர்.

பெரியம்மாவின் ரெகுலேட்டர் கைப்பிடி இன்னும் இடப்பக்கம் இழுக்கிறதா? பதில் எழுத வேண்டும் என்றில்லை. சும்மா கேட்டேன்.

தம்பி


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இழுக்கிறது. டாக்டர் அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார், வாய்க்கோணல்.

துண்டு கொடுத்தது நான்தான், கேட்டதும் நான்தான். ஒன்று மட்டும் சொல்கிறேன், சமாதானம் சொல்வதாக நினைக்காதே. உன் மருமகளுக்கு நாலு வயதில் காய்ச்சல் வந்தபோது அவளோடு இரண்டு நாள் மருத்துவமனையில் கண்விழித்து உட்கார்ந்திருந்தவன் நீ. என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நீ இருந்தாய். அங்கிருந்து நேராக வேலைக்குப் போனாய். அறிக்கையைக் கேட்டதும், என் குழந்தைக்காகக் கண்விழித்ததால்தான் இவனுக்கு இப்படி ஆயிற்று என்று பயந்துபோனேன். அந்தப் பயம்தான் வாயில் கேள்வியாக வந்தது. என் பயத்தை உன் தலையில் இறக்கி வைத்துவிட்டேன். கடவுளிடம் இதைப் பலமுறை சொல்லிவிட்டேன். உன்னிடம் இன்றைக்குத்தான் சொல்கிறேன். முறை மாறிப்போயிற்று.

குப்பையில் போடச் சொன்னாய். போட்டிருப்பேன், நேற்று மாலை மட்டும் வராமல் இருந்திருந்தால்.

சாப்பாட்டு மேசையில் உன் அத்தான் ரப்பர் குழாயைப் பிளேடால் நறுக்கிக்கொண்டிருந்தார். புதுக் கண்ணாடிக்கு வளையம். பாய்லர் இன்ஸ்பெக்டர் ஏப்ரல் 12 வருகிறார், என் நோட்டையும் பார்ப்பாராம். அதற்குள் எல்லாம் தயாராக வேண்டும்.

"என்னங்க, இவ்வளவு நீளமாவா வெட்டறது?" என்று கேட்டேன்.

"ஒழுகக் கூடாதும்மா. கண்ணாடிக்கிட்ட ஒழுகினா டிரைவர் மூஞ்சியிலதான் ஆவி அடிக்கும். வளையம் நீளமா இருக்கணும், நட்டை ஒரு சுத்து கூடப் போடணும்."

"கூடப் போட்டா ஒண்ணும் ஆகாதா?"

"கூடப் போட்டு எது கெட்டிருக்கு? அன்னிக்குக் காலையில மாப்பிள்ளை ஏறப்போற வண்டின்னு ரெண்டு சுத்தே கூடப் போட்டேன். ஒரு சொட்டு ஒழுகல தெரியுமா."

பெருமையாகச் சொன்னார். சொல்லிவிட்டு உன் நினைவு வந்து, பிளேடைக் கீழே வைத்துவிட்டார்.

உனக்கு அவரைத் தெரியும். அவர் மூடிய சர்க்கரை ஜாடியை நான் வெந்நீர் ஊற்றித்தான் திறக்கிறேன். அவர் அடைத்த குழாயை எதிர்வீட்டுக்காரர் வந்து திறக்க வேண்டியிருக்கிறது. யார்மேல் பிரியம் அதிகமோ அவர்களுடைய டப்பாவை அதிகமாக இறுக்குவார். மகள் ஊருக்குப் போகும்போது கட்டிக் கொடுத்த எண்ணெய்ப் பாட்டிலை அவள் வீட்டில் கடைசியில் உடைத்துத்தான் எடுத்தார்கள்.

இப்போது புரிகிறதா? நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், அதே கை அதே மாதிரி மறுபடியும் மாட்டும். ஓட ஆரம்பித்ததும் பள்ளிக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போவதாக டீச்சர் வாக்குக் கொடுத்திருக்கிறார். பழையது என்று எழுதச் சொன்னாயே, அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு பெட்டிக்கு நாற்பத்தெட்டு.

சொல்லித்தான் ஆக வேண்டும். எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. நேற்று ஒரு தடவை டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். "என்ன, பாக்கா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அவர் பாக்குப் போடுவதே இல்லை.

ஃபயர்மேன் அண்ணனிடம் கேட்டால், "என் கை வெந்தது, என் கதை முடிஞ்சுது. இது உங்க மூணு பேர் சமாச்சாரம்" என்கிறார்.

இந்த உண்மை உன்னுடையது. அதை எடுத்து அவர் கையில் கொடுப்பதா என்று உன்னைக் கேட்காமல் செய்ய எனக்கு உரிமை இல்லை. ஒரு தடவை உன்னைக் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டது போதும்.

உன் அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் பாய்லர் அறையில் வைத்திருந்தேன். ஆவியில் ஓரம் சுருண்டுவிட்டது.

ஒரு விஷயம் இருக்கிறது. விசாரணையில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வண்டியில் ஏறியதும் டிரைவர் செய்ய வேண்டிய முதல் வேலை, கண்ணாடியைத் திறந்து விட்டுச் சோதிப்பது. கீழே உள்ள வடிகால் குழாயைத் திறந்தால் கண்ணாடித் தண்ணீர் முழுக்க இறங்க வேண்டும், மூடினால் சட்டென்று ஏற வேண்டும். ஏறினால் வழி சுத்தம். ஒரு நிமிஷ வேலை. நான் ஒரு நாளும் விட்டதில்லை. அன்று மட்டும் விட்டேன்.

ஏன் தெரியுமா? நான் போகும்போது அத்தான் அப்போதுதான் மாட்டி முடித்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார். "புதுசு மாப்பிள்ளை, கண்ணை மூடிக்கிட்டுப் போ" என்றார். அவர் எதிரிலேயே நான் குழாயைத் திறந்து சோதித்தால், அவர் வேலையை நம்பவில்லை என்று ஆகாதா? அவர் எனக்கு அத்தான் மட்டும் இல்லை. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். கையை நீட்டினேன். பிறகு எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. வழியில் கண்ணாடியைப் பார்த்தேன். தண்ணீர் ஆடவே இல்லை. ஓடுகிற வண்டியில் தண்ணீர் ஆடும், ஆட வேண்டும். இது சிலை மாதிரி நின்றது. அதைக் கவனித்தேன் அக்கா. கவனித்துவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? அத்தான் மாட்டினால் தண்ணீர்கூட அசையாது போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அண்ணனிடம்கூடச் சொன்னேன். அவரும் சிரித்தார்.

ஆகவே நான் தூங்கவில்லை. விழித்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேதான் தப்புச் செய்தேன். தூங்கினேன் என்று நம்புவது இதைவிடச் சுலபமாக இருந்தது. உன் கேள்வி எனக்கு ஒரு விதத்தில் ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தது. அதையும் உன்மேலேயே கோபமாக வைத்துக்கொண்டேன்.

இங்கே என்னைக் கண்ணாடிப் பைத்தியம் என்று கூப்பிடுகிறார்கள். ஒரு மணிக்கு ஒரு தடவை திறந்து பார்க்கிறேன். "பெரியவரே, தண்ணி எங்க ஓடிப் போகப்போகுது?" என்று துணி மடிக்கிற பெண்கள் கேலி செய்கிறார்கள். காரணம் ஒருவருக்கும் தெரியாது.

அத்தானிடம் சொல். ஆனால் ரப்பரை முதலில் காட்டாதே. முதலில் இந்தக் கடிதத்தைக் கொடு. என் பங்கை அவர் படித்து முடித்த பிறகு அவர் பங்கைக் கொடு. அவர் தனியாக அதைத் தூக்கக் கூடாது. நான் தூக்கியிருக்கிறேன், அதன் கனம் எனக்குத் தெரியும்.

வளையத்தை எப்படி வெட்ட வேண்டும் என்று எழுதுகிறேன், அவரிடம் சொல். கண்ணாடிக் குழாயின் நுனி வளையத்தைத் தாண்டி ஒரு விரல் கனம் வெளியே நிற்க வேண்டும். நட்டைக் கையால் முடிந்தவரை இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று. அதற்குமேல் கையை எடுத்துவிட வேண்டும். ஒழுகினால் ஒழுகட்டும். சூடு ஏறியதும் நிற்கும்.

சொன்ன பிறகு அவரைத் தனியாக விடாதே. எப்படி இருக்கிறார் என்று எழுது. சும்மா கேட்கவில்லை.

தம்பி


ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்டதற்குப் பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. முடிவு தெரிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். நடந்தபடியே சொல்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு. காலைப் பிரார்த்தனை முடிந்து எழுந்தேன். அவர் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டு உன் கடிதத்தைக் கொடுத்தேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அது அவர் நெற்றியில் இருந்தது.

படித்தார். நான் எதற்கோ தயாராக இருந்தேன். அவருக்குக் கோபம் வந்தது. உன்மேல்!

"சோதிக்காம ஏறினானா? முட்டாப் பய! நான் மாட்டினா என்ன, கடவுளே எறங்கி வந்து மாட்டினா என்ன, திறந்து பாக்கணும்னு விதி இருக்கில்ல? என்கிட்ட என்ன மரியாதை வேண்டிக் கெடக்கு?"

கடவுளை ஏன் இழுக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

வெகு நேரம் பார்த்தார். எடுத்துத் திருப்பினார். ஒரு ஓரம் சாய்வாக வெட்டியிருந்தது. அவர் எதை வெட்டினாலும் அப்படித்தான் சாயும்.

"இது என் வெட்டு" என்றார்.

அப்புறம் எழுந்து போய்க் கை கழுவினார். கையில் ஒன்றும் இல்லை. கழுவினார். நீ சொன்னபடி நான் கூடவே இருந்தேன். துண்டு கொடுத்தேன். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை.

"நான் நல்லாத்தான் மாட்டினேன்னு விசாரணையில கையெழுத்துப் போட்டுக் குடுத்தேனே" என்றார். மறுபடியும் அதையே சொன்னார். படுக்கப் போகும்போதும் அதையே சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை ஷெட்டுக்குப் போனதும் யாரோடும் பேசாமல், தான் மாட்டிய புதுக் கண்ணாடியைக் கழற்றினார். அதோடு நிற்கவில்லை. தன் கையால் இறுக்கிய ஒவ்வொரு நட்டையும் தளர்த்தி, பூகோள டீச்சரை விட்டு இறுக்கச் சொன்னார். "மேடம், உங்க கை போதும். என் கை வேண்டாம்" என்றார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மத்தியானம் அவரே எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார். உன் பங்கு, தன் பங்கு, ஒன்றும் விடவில்லை. சொல்லி முடித்துவிட்டு ஃபயர்மேன் அண்ணனிடம் போய், கேட்காமலே அவர் சட்டைக் கையைச் சுருட்டி அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பத்தொன்பது வருஷமா இந்தக் கையாலதான் உன்கூட டீ குடிக்கறேன். இப்ப என்ன புதுசா பாக்கற?" என்றார் அண்ணன்.

அப்போதுதான் இவர் அழுதார். தையல்காரர் போய் டீ வாங்கிவந்தார். ஆறு டீ. ஒன்றிலும் சர்க்கரை இல்லை. யாரும் சொல்லவில்லை, குடித்தோம்.

அன்றே 1112ஆம் வரியை எழுத உட்கார்ந்தேன். "நான் எழுதறேன்" என்றார். அந்த நோட்டில் என்னைத் தவிர ஒருவரும் எழுதியதில்லை, எழுத விட்டதும் இல்லை. பேனாவைக் கொடுத்தேன். எழுதியது இதுதான், நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை: "வளையம் நீளமாக வெட்டி அளவுக்கு மேல் இறுக்கியதால் கண்ணாடியின் கீழ் வாய் அடைபட்டிருந்தது. கண்ணாடியில் பொய்த் தண்ணீர் காட்டியிருக்கும். டிரைவர் சொன்னது சரி. மாட்டியவர் நான்."

ஏப்ரல் 12 இன்ஸ்பெக்டர் வந்தார். கண்ணாடிக் குழாய் மாட்டும் வாய்களை மூடி வைத்து, பாய்லரில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, அழுத்தம் ஏற்றி, அரை மணி நேரம் பார்த்தார். ஒரு இடத்திலும் கசியவில்லை. பெரியம்மா மூச்சுவிடாமல் நின்றாள். பிறகு நோட்டைக் கேட்டார். முதல் பக்கத்திலிருந்து படித்தார். 1112 வந்ததும் நிறுத்தினார்.

"'நான்'னா யாரு?"

"நான்தாங்க" என்று இவர் எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி நின்றார்.

இன்ஸ்பெக்டர் மறுபடியும் படித்தார். "முப்பது வருஷமா நோட்டு பாக்கறேன். யாரும் இப்படி எழுதி நான் பாத்ததில்லை" என்றார். அந்தப் பக்கத்தைப் படி எடுத்து, பழைய அறிக்கையோடு சேர்த்து மேலே அனுப்புவதாகச் சொன்னார். உன் பெயரைக் கேட்டு, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து எழுதிக்கொண்டார். அனுப்பினால் அவர்கள் மாற்றுவார்களா என்று தெரியாது. தெரியாததை நான் எழுத மாட்டேன்.

தெரிந்ததை எழுதுகிறேன். நீ தூங்கவில்லை. நீ சோதிக்கவில்லை. இரண்டும் வேறு வேறு வரிகள். இத்தனை வருஷம் நான் முதல் வரியை உன் பெயரில் வைத்திருந்தேன். அது உன்னுடையது இல்லை. எடுத்துவிட்டேன். இரண்டாவது வரியை நீயே வந்து உன் அத்தானோடு பேசித் தீர்த்துக்கொள். உன்னைத் திட்டுவதற்கு அவர் நிறைய வைத்திருக்கிறார்.

புதுக் கண்ணாடியை இன்னும் மாட்டவில்லை. டீச்சர் மாட்டட்டும் என்று இவர் சொன்னதற்கு யாரும் சம்மதிக்கவில்லை. ஃபிட்டர் நீங்கள்தான் என்றுவிட்டார்கள். நீ எழுதிய அளவுப்படி வளையம் வெட்டி வைத்திருக்கிறார். கால் சுற்று என்று எழுதினாயே, ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு தினமும் காற்றில் கால் சுற்று சுற்றிப் பழகுகிறார். பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கிறது, பார்க்க முடியாமலும் இருக்கிறது.

மே 10, சனிக்கிழமை, பெரியம்மாவுக்கு முதல் தடவையாக நெருப்புப் போடுகிறோம். ஓட்டுவதற்கு உரிமம் உள்ள ஒருவர் வருகிறார், உன்னை ஓட்டச் சொல்லவில்லை. உன் அத்தான் உனக்கு எழுத நாலு தடவை உட்கார்ந்தார். "அன்புள்ள மாப்பிள்ளை" என்பதைத் தாண்டவில்லை. கடைசியில் என்னை எழுதச் சொல்லி, வாயால் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்:

"நான் மாட்டறேன். அவன் வரணும். என் எதிர்லயே, என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே, குழாயைத் திறந்து சோதிச்சுப் பாக்கணும். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. தண்ணி எறங்கி ஏறினாத்தான் நெருப்பு. அவன் பாத்துச் சரின்னு சொல்லாம நான் நெருப்பு வைக்க விட மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டாயிற்றே என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். "அவர் வேற, என் மாப்பிள்ளை வேற" என்றுவிட்டார். ஆகவே நீ வராவிட்டால் ஆறு பேரும் இரண்டு வருஷம் உழைத்த வண்டி குளிர்ந்தே நிற்கும். உன்னைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, அவர் பிடிவாதம் உனக்குத் தெரியும்.

ரயில் மாலையில்தான் வந்து சேரும், அதனால் வெள்ளிக்கிழமையே கிளம்ப வேண்டும். உன் மருமகளும் வருகிறாள். முன் அறையில் உனக்குப் படுக்கை போடுகிறேன். சாப்பிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சாப்பிட்டால் எனக்கு நிம்மதி.

வருகிறாயா இல்லையா என்று ஒரு வரி போதும். சீக்கிரம் எழுது.

உன் அக்கா